வேப்பங்கொத்துக் கணக்கு

கன்னியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடி போன மண்வெட்டித் தகட்டால், காய் பரப்புகிற சந்தைக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பூசணிக்காயாக இருந்தது கறுத்த கூழாகி, வெயிலில் மேலே ஏடு கட்டியிருந்தது. தகடு பட்டதும் ஏடு பிளந்து உள்ளே புழு நெளிந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தச் சந்தையைக் கூட்டுகிறவள். தன்னை முகம் சுளிக்க வைக்க இனி உலகத்தில் எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பூந்தமல்லி ரோட்டில் நூம்பலைத் தாண்டி வருகிற கீழ்ச்சாவடியில், வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிற சந்தை அது. அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில், புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று உச்சிப் பொழுதுக்கு முன்பே கருவாட்டுக்காரன் ஒருவன் தன் கூடை மேலேயே சாய்ந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே எதிர் வரிசையில் ஒரு பெண்பிள்ளை விழுந்தாள். பம்பாய்ச் சுரம் என்று பட்டணத்தில் பேர் வைத்திருந்த சனியன் நம் ஊருக்கும் வந்துவிட்டது என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். தராசைத் தூக்கியவன் காயைத் தூக்கவில்லை. காயைத் தூக்கியவன் பெண்டாட்டியைத் தேடவில்லை. ஒரு நாழிகையில் சந்தை காலி. மறுநாள் தாலுகா போர்டு உத்தரவு வந்தது, சந்தையை மூடு என்று. மூடச் சொன்னவர்கள், போட்டுவிட்டுப் போனதை யார் வாருவது என்று சொல்லவில்லை. அது கன்னியம்மாள் தலையில் விழுந்தது. ஒரு வாரமாக அவள் ஒருத்தியே வாரிக்கொண்டிருந்தாள்.

அவள் நூம்பலில் பிறந்து, பதினாலு வயதில் கீழ்ச்சாவடிக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ரங்கூன் அரிசி மில்லுக்குப் போனான். இரண்டு கடுதாசி அவனிடமிருந்து வந்தது. மூன்றாவது கடுதாசி அவனைப் பற்றி வந்தது. அப்போது மகள் எல்லம்மாவுக்கு மூன்று வயது. சந்தை மைதானத்தின் மேற்கு மூலையில், சர்க்கார் புறம்போக்கில், ஒரு குடிசை போட்டுக்கொள்ள விட்டார்கள். வாரம் ஒரு நாள் சந்தை கலைந்ததும் மைதானத்தைக் கூட்ட வேண்டும். கூலி பேருக்குத்தான். சிந்தின மிளகாய், உதிர்ந்த கீரை, நசுங்கின கத்தரிக்காய், சாக்கின் ஓரத்தில் கொட்டின தானியம், இவைதான் அவளுக்கு உண்மையான கூலி. அதைப் பொறுக்கி, புடைத்து, கழுவி, மகளை வளர்த்து, ஆவடிப் பக்கம் சேக்காட்டில் ரயில் பாதைக் கூலி பரந்தாமனுக்குக் கட்டிக் கொடுத்தாள். சந்தை மூடினால் அவள் அடுப்பும் மூடியது என்று அர்த்தம். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருந்தும் அந்த ஐப்பசியில், சந்தை இன்னும் கொஞ்ச நாள் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

காரணம் எல்லம்மா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒன்பது மாதம் பிறந்துவிட்டது. வந்த சுரமோ கிழடுகளை மோந்து பார்த்துவிட்டு விட்டது. வயசுப் பிள்ளைகளைத்தான் தூக்கியது. அதிலும் பிள்ளைத்தாய்ச்சி என்றால் விடவே இல்லை. மேலத் தெருவில் ஒருத்தி, குயவர் வீட்டில் ஒருத்தி, இருவரும் வயிற்றோடு போனார்கள். குயவர் வீட்டுப் பெண்ணைத் தூக்கும்போது கன்னியம்மாள் சந்தை வேலி ஓரம் நின்று பார்த்தாள். பாடை மேல் வயிறு மட்டும் மேடாகத் தெரிந்தது. அவள் குடிசைக்கும் சந்தையின் முதல் வரிசைக் கல்லுக்கும் நடுவே பத்து முழம்கூட இல்லை. பட்டணத்துத் தரகனும் பூந்தமல்லிப் பூக்காரியும் அவள் சுவரில்தான் சாய்ந்து வெற்றிலை போடுவார்கள். பிள்ளை பிறந்து தீட்டுக் கழியட்டும், அப்புறம் எந்தச் சந்தை வேண்டுமானாலும் கூடட்டும் என்பதுதான் அவள் கணக்கு. இன்னும் ஒரு மாதம். அதற்காக அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கத் தயாராக இருந்தாள்.

மூன்று வெள்ளிக்கிழமை சந்தை கூடவில்லை. பிறகு போர்டிலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. சுரம் கண்ட வீடு ஊரில் ஒன்றுகூட இல்லாமல் எட்டு நாள் தொடர்ந்து கழிந்தால், அதைக் கிராம மணியக்காரர் எழுதிக் கொடுத்தால், சந்தையைத் திறந்துகொள்ளலாம். நியாயமான உத்தரவுதான். எழுதினவர் எந்தத் தெருவிலும் கால் வைக்காதவர் என்பது தவிர அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மணியக்காரர் உலகநாத முதலியாரும் தெருவில் கால் வைக்கத் தயாராக இல்லை. கழுத்தில் கற்பூர முடிச்சு, கையில் நீலகிரித் தைலம் நனைத்த துணி, கூடத்து ஜன்னல் மூன்றில் இரண்டு அடைப்பு. இந்தக் கோலத்தில் வீடு வீடாகப் போய் நாடி பார்க்கவா முடியும்? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பங்கொத்து கட்டுவது ஊர் வழக்கம். இந்தப் புதுச் சுரம் எந்த அம்மனுடையது என்று யாருக்கும் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று இதற்கும் கொத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அவிழ்ப்பார்கள். ஆகவே கொத்தை எண்ணினால் போதும். எண்ணுவதற்கு ஆள் கன்னியம்மாள். சுரம் வந்தாலும் நஷ்டமில்லாத ஆள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வேறு எவரையும் அவர் கேட்கவில்லை.

காலையில் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு நாலு தெருவும் நடக்க வேண்டும். கொத்துக் கட்டின வாசல் ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை. சுற்றி முடித்து மணியக்காரர் வீட்டு வாசற்படிக்குக் கீழே வைத்துவிட்டு மூன்று எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். முதலியார் துணியால் மூக்கை மூடிக்கொண்டு வந்து, ஒரு குச்சியால் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, குச்சி நுனியாலேயே கொட்டைகளைத் தள்ளித் தள்ளி எண்ணுவார். புளியங்கொட்டைக்குச் சுரம் இருக்குமோ என்பதுபோல் எண்ணுவார். உள்ளே போய் எழுதுவார். அவளுக்கு ஒரு கை நொய் விழும். அந்த நொய்தான் இரண்டு வயிற்றுக்கும் கஞ்சி. இரண்டரை வயிறு என்று எல்லம்மா சொல்லிச் சிரிப்பாள். அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் முப்பத்தொரு கொட்டை. அடுத்த நாள் இருபத்தெட்டு. ஒரு வாரத்தில் பத்தொன்பது. அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் திங்கட்கிழமை நாலு, செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்றுமில்லை. காலிக் கொட்டாங்கச்சியை வைத்துவிட்டு நின்றபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது, வேலை செய்யாமல் வந்தவள்போல. முதலியார் முகத்தில் மட்டும் ஒரு மாதத்துக்குப் பிறகு துணி விலகியது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஜம்புலிங்கம் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தான். வெள்ளைவெளேரென்று வேட்டி. அவன்தான் கை நிறைய நொய்யை அள்ளி, வழக்கத்தை விட அதிகமாக, அவள் முந்தானையில் போடச் சொன்னான்.

வியாழனும் காலி. வெள்ளியும் காலி.

வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது குளத்தங்கரை வேப்பமரத்தைப் பார்த்தாள். கை எட்டுகிற உயரத்துக்கு மொட்டையாக நின்றது. மொட்டையானது பழைய கதை. ஆனால் அதற்கு மேலே, ஏறி ஒடித்த கிளைகளில், முறிந்த இடம் ஈரம் காயாமல் பச்சையாக இருந்தது. அன்றைக்குக் காலையில் ஒடித்தது. ஊரில் ஒரு வாசலிலும் கொத்து இல்லை. அப்படியானால் ஒடித்ததெல்லாம் எங்கே போனது?

அவள் திரும்பி நடந்தாள். இந்தத் தடவை வாசல் பக்கம் போகவில்லை. கொல்லைப் பக்கம் போனாள்.

முதல் வீட்டுக் கொல்லைக் கதவிலேயே தொங்கியது. புதுக் கொத்து. அடுத்ததிலும். மூன்றாவதில் கதவு நிலையில் இடமில்லாமல் உரலில் கட்டியிருந்தார்கள். கொல்லை வழியாகப் போனால் வாசலில் தெரியாததெல்லாம் தெரிந்தது: பாயைச் சுருட்டி எரித்த சாம்பல், ரத்தம் தோய்ந்து துவைத்தும் போகாத துணி, உள்ளே யாரோ தொண்டை கிழிய இருமுவதும் இன்னொருத்தர் அதட்டி வாயைப் பொத்துவதும். வாசல் பக்கம் வந்து பார்த்தாள். அதே வீடுகள். சாணம் தெளித்து, பெருக்கி, கோலம் போட்டிருந்தது. ஒரு வீட்டில் கோலத்துக்கு நடுவே பூசணிப்பூ வைத்திருந்தார்கள்.

புழு நெளிந்த பூசணியைக் கையால் வாரினவள், அந்தப் பூவைப் பார்த்து, தெரு ஓரம் குந்தி வாந்தி எடுத்தாள்.

தாயம்மாவின் கொல்லையில் தாயம்மாவையே பிடித்துவிட்டாள். தாயம்மா கீரைக்காரி. இருபது வருஷ சினேகிதி. கையில் நாரும் கொத்துமாக நின்றாள். உள்ளே அவள் புருஷன் நாலு நாளாகக் கிடந்தான். யார் சொல்லி இப்படிச் செய்கிறீர்கள் என்று கன்னியம்மாள் கேட்டாள். யாரும் சொல்லவில்லை. முன்வாசலில் கொத்துக் கட்டினால் சந்தை திறக்காது என்று ஜம்புலிங்கம் கிணற்றடியில் ஒரு வார்த்தை சொன்னானாம், அவ்வளவுதான். மிரட்டவில்லை. கெஞ்சவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீடு தானாகவே பின்பக்கம் போய்விட்டது.

“முன்னாடி கட்னா உன் கொட்டாங்கச்சில வுயும். பின்னாடி கட்னா வுயாது. ஆத்தாளுக்கு எந்த வாசலா இருந்தா இன்னாக்கா? அவளுக்குத் தெரியாதா?” என்றாள் தாயம்மா.

எல்லம்மாவுக்கு நாள் நெருங்குகிறது, உனக்குத் தெரியாதா என்று கன்னியம்மாள் கேட்டாள். தாயம்மா கொத்தை நிலையில் கட்டி முடித்தாள். கட்டிவிட்டுத்தான் திரும்பினாள். ஐந்து வாரமாக அறுத்த கீரையை மாட்டுக்குப் போடுவதாகவும், மாடும் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதாகவும் சொன்னாள். உனக்கு மணியக்காரர் நொய் தருகிறார், எனக்கு யார் தருகிறார்கள் என்றாள். அன்றைய நொய் கன்னியம்மாளின் முந்தானையில்தான் இருந்தது.

இரண்டு நாள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை, கணக்கின் ஐந்தாம் நாள், கொல்லைக் கொத்துகளை எண்ணி, பதினாலு கொட்டையோடு மணியக்காரர் வாசலுக்குப் போனாள். குச்சி நுனியில் முதல் கொட்டை உருண்டதுமே முதலியாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தினால் வாய் வழியாகச் சுரம் போகும் என்று எவனோ சொல்லியிருந்தான்.

“வாசலை எண்ணுன்னு சொன்னேனா, கொல்லையை எண்ணுன்னு சொன்னேனா? கண்டவன் கொல்லையில எட்டிப் பாக்கறதுக்கா உனக்கு நொய் போடறது?”

“கொத்தை எண்ணச் சொன்னீங்க சாமி. கொத்து அங்க கீது.”

ஜம்புலிங்கம் உள்ளேயிருந்து வந்தான். அவன் பேசினதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அரிசி விலை ஏறிக்கொண்டே போகிறது, தோட்டக்காரன் வீட்டில் சுரம் இல்லாதவனும் சாப்பாடு இல்லாமல் படுத்திருக்கிறான், சுரத்தில் போகிறவன் போக மிச்சம் இருக்கிறவன் பிழைக்க வேண்டாமா என்றான். தினமும் பத்துப் பேர் இந்தப் படியில் வந்து நின்று அழுகிறார்கள் என்று முதலியார் சேர்த்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை. அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அழுகிறவர்கள் எவரும், திறந்து வை, தெரிந்தே திறந்து வை என்று சொல்லவில்லை. சுரம் இல்லை என்று எழுது, பிறகு திற என்றுதான் கேட்டார்கள். முதலியாருக்கும் அதுதான் சௌகரியம். குச்சியால் பதினாலு கொட்டையையும் சாக்கடைக்குள் தள்ளினார். உள்ளே போய்க் காலி என்று எழுதினார். அன்றைக்கு நொய் இல்லை.

திங்கட்கிழமை மகளைச் சேக்காட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்று பார்த்தாள். பரந்தாமனின் தாய் அங்கே சுரத்தில் போய்ப் பத்து நாள்தான் ஆகிறது. நூம்பலில் அவளுடைய பிறந்த வீட்டில் தம்பி படுத்திருக்கிறான். போக்கிடம் இல்லை. சாயங்காலம் குளத்தங்கரைக்குப் போய், மரத்தின் கீழ் யாரோ விட்டுப்போன கிளையை எடுத்து வந்தாள். குடிசை வாசல் நிலையில் நாரால் இறுக்கிக் கட்டினாள்.

எல்லம்மா உள்ளேயிருந்து பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

“யம்மா, ஊட்ல ஆருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா கட்னா கூப்புட்ட மாதிரி ஆயிடும். அவுத்துடுமா.”

எட்டு நாள் முடியக் கூடாது, ஒரே ஒரு கொத்து வாசலில் இருந்தால் போதும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியாக வேண்டும், அதற்குள் உனக்குப் பிள்ளை பிறந்துவிடும் என்று கன்னியம்மாள் சொன்னாள். ஊரே இருக்கிறதை மறைக்கும்போது, நான் இல்லாததைக் காட்டினால் என்ன என்றாள். எல்லம்மா கையை விடவில்லை. அவளுக்கு உத்தரவும் போர்டும் தெரியாது. நோய் இல்லாத வீட்டில் கொத்துக் கட்டினால் அம்மனை வாவென்று அழைப்பது என்று அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது கன்னியம்மாளேதான். அதைச் சொல்லி அழுதாள். கன்னியம்மாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, முடிச்சை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கொட்டாங்கச்சியில் ஒரே ஒரு கொட்டை. குச்சி அதைத் தொட்டதும் முதலியார், எந்த வீடு என்று கேட்டார். வாசல்தான், முன்வாசல்தான், என் வீடுதான் என்றாள். அவர் நாலு எட்டுப் பின்னால் போனதைப் பார்த்து அவளுக்கு ஒரு நிமிஷம் உள்ளே குளிர்ந்தது. நம்பிவிட்டார். துணிக்குள்ளிருந்து, தள்ளி நில், இன்னும் தள்ளி நில் என்று குரல் மட்டும் வந்தது. பிறகு அந்தக் குரலுக்கு ஏதோ நினைவு வந்தது.

“உன் குடிசை புறம்போக்குல இல்ல இருக்குது? உத்தரவு ஊர் வீட்டுக்குத்தான். நத்தத்துல இருக்கிற வாசல்தான் கணக்கு. புறம்போக்குல நீ கொத்துக் கட்டு, தோரணம் கட்டு, எனக்கென்ன?”

“புறம்போக்குக்கு வந்த சுரம் சந்தைக்கு வராதா சாமி?”

அதற்குள் ஜம்புலிங்கம் சிரிக்க ஆரம்பித்தான். விடியற்காலையில் சந்தைக் கிணற்றிலிருந்து எல்லம்மா குடம் எடுத்துப் போனதை அவன் பார்த்திருந்தான். இடுப்பில் குடத்தோடு போகிற சுரத்தை நான் பார்த்ததே இல்லை என்றான். அம்மன் பேரிலேயே பொய்க் கொத்துக் கட்டுகிறாயே, விளங்குவாயா என்று கேட்டான். முதலியார் துணியை எடுத்துவிட்டுத் துப்பினார். குச்சி கொட்டையை உருட்டியது.

பொழுது சாய்வதற்குள் செய்தி நாலு தெருவும் போய்விட்டது. கொல்லையில் நிஜக் கொத்தை ஒளித்து வைத்திருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் சந்தை மூலைக்கு வந்தார்கள், வாசலில் பொய்க் கொத்துக் கட்டின பாவியைப் பார்க்க. வாயில் வந்ததெல்லாம் சொன்னார்கள். எங்கள் வயிற்றில் மண் போட இவள் அம்மனை விளையாட்டுப் பொருளாக்கிவிட்டாள் என்றார்கள். தாயம்மா முன்னால் வந்து தானே கொத்தைப் பிய்த்து எறிந்தாள். எறியும்போது இருமினாள். முந்தானையால் வாயை மூடவும் இல்லை. கன்னியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் யாரையும் அடிக்கத் தோன்றவில்லை. யார் மூச்சும் தன் மேல் படாமல் இருந்தால் போதும் என்று மட்டும் தோன்றியது.

புதனோடு எட்டு நாள் முடிந்தது. வியாழக்கிழமை தமுக்கு அடித்தார்கள். வெள்ளிக்கிழமை சந்தை கூடியது.

ஆறு வாரப் பசியும் அன்றைக்குக் கூடியது. நுழையும் இடத்தில் ஜம்புலிங்கம் ஒரு அண்டா மஞ்சள் தண்ணீர் வைத்து, வருகிறவர்கள் மேல் வேப்பிலையால் தெளிக்க ஆள் போட்டிருந்தான். தெளித்தால் சரியாகிவிட்டது என்று எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். முதலியார் வண்டியில் வந்து, இறங்காமலே பார்த்துவிட்டுப் போனார். விலை கத்துகிற சத்தத்துக்கும் இருமலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் துப்பல். வெற்றிலைத் துப்பலா, வேறா என்று கன்னியம்மாள் குனிந்து பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். குடிசைக் கதவை மூடி, இடுக்கில் பழந்துணி திணித்து, எல்லம்மாவை உள்ளே படுக்க வைத்திருந்தாள். சுவரில் வழக்கம்போல நாலு பேர் சாய்ந்திருந்தார்கள். அவள் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து விரட்டினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் வேறு நாலு பேர் வந்து சாய்ந்தார்கள். இடையில் எவனோ ஒரு தரகன் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டிருக்கிறான். குடிக்கத் தண்ணீர் கேட்கிறவனுக்கு இல்லை என்று எல்லம்மாவால் எப்படிச் சொல்ல முடியும்? கதவைத் திறந்து செம்பை நீட்டியிருக்கிறாள். அவன் குடித்துவிட்டு, இருமிவிட்டு, நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

தாயம்மாவின் கீரை அத்தனையும் விற்றது. புருஷனை நோயோடு தனியே போட்டுவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போனபோது அவன் இல்லை.

எல்லம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை கண் சிவந்தது. புதன்கிழமை உடம்பு அடுப்பாகக் கொதித்தது. வியாழக்கிழமை இடுப்பு வலி எடுத்தது. மருத்துவச்சியைக் கூப்பிடப் போன கன்னியம்மாளை அவள் தெருக்கோடியிலேயே நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, என்னை விட்டுவிடு என்றாள். கன்னியம்மாளே பார்த்தாள். பெண் குழந்தை. முழுசாக, நகம் எல்லாம் வளர்ந்து, மூச்சு மட்டும் இல்லாமல் வந்தது. அரிவாள்மணையைக் கழுவித் தொப்புள்கொடியை அறுத்தாள். பழம்புடவையில் சுற்றி, தான் பூசணிக்காய்க் கூழைக் கொட்டின குழிக்குத் தள்ளி, வேலி ஓரமாகத் தானே புதைத்தாள். மணியக்காரர் புத்தகத்தில் அது வரவில்லை. பிறக்காதது எப்படிச் சாகும்? கீழ்ச்சாவடியில் சந்தை திறந்த பதினைந்து நாளில் பதினொரு பேர் போனார்கள். சந்தைக்கு வந்த வெளியூர்க்காரரால் வந்த சுரம் என்று முதலியார் எழுதினாராம். சந்தையை மறுபடி மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வாசல்களில் இப்போது கொத்துகள் தாராளமாகத் தொங்கின. எண்ணுவதற்கு ஆள் தேவைப்படவில்லை.

எல்லம்மா சாகவில்லை. எட்டு நாள் யார் யாரையோ கூப்பிட்டுப் பிதற்றினாள். ஒன்பதாம் நாள் கண் திறந்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமயிர் கொத்துக் கொத்தாகப் பாயில் கிடந்தது. கன்னியம்மாள் அதை வாரிப் போட்டாள். பரந்தாமன் வந்து, ஒரு நாள் இருந்து, ரயில் பாதை வேலைக்கு ஆள் இல்லை என்று போனான். தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டினானே அந்தத் தரகன், அவன்தான், சந்தைதான், என்று கன்னியம்மாள் மகளிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை எல்லம்மா பதில் சொன்னாள்.

“சந்தைக்கு எத்தினி பேர் வந்தாங்க. அல்லாருக்குமா வந்துது?”

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. சந்தை கலையும் நேரம். வெளியே தராசுக் கல்லைச் சாக்கில் போடுகிற சத்தமும், வண்டி மாட்டை அதட்டுகிற சத்தமும். யாரோ சுவரில் சாய்ந்து சுகமாக இருமிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாள் கஞ்சியை ஆற்றி மகளின் தலைமாட்டில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் கூடையைத் தேடினாள். ஜம்புலிங்கம் ஒரு தடவை குரல் கொடுத்தாகிவிட்டது.

எல்லம்மா சுவர்ப் பக்கமிருந்து திரும்பினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

“யம்மா. ஆருக்கும் ஒண்ணும் இல்லாதப்பவே கொத்தைக் கட்னியே. வேணான்னு எத்தினி வாட்டி சொன்னேன். இன்னாத்துக்குமா கூப்ட்டே?”

கன்னியம்மாள் கூடையை எடுத்தாள். துடைப்பத்தை அதற்குள் போட்டாள். தாழ்ந்த நிலைக்குக் கீழே குனிந்தபோது, தாயம்மா பிய்த்தும் போகாமல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்த நார் முடிச்சு அவள் தலையில் உரசியது. அவள் நிற்காமல் வெளியே போனாள்.